கொடி பிடித்த டாங்கிகள்

விழா மலருக்குக் கட்டுரை கேட்டு போன் வந்தபோது, "மெஸ் சாம்பாரைப் பத்தி எழுதட்டுமா?" என்றேன். "அதுக்கு ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்க. நீ ஏதாவது உருப்படியா எழுது" என்று பதில் வந்தது. நாலு வருடத்தில் உருப்படியாக என்ன கற்றேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் நினைவுக்கு வரவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் கம்ப்யூட்டர் லேபில் ஓடிய டாங்கிகள்தான் வந்தன. ஆகவே நண்பர்களே, இது டாங்கி விளையாட்டின் வரலாறு. இன்னும் சரியாகச் சொன்னால், கொடி பிடிக்கும் டாங்கி விளையாட்டின் வரலாறு. சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டுத் தொடரலாம். கடைசியில் ஒரு பழைய பாக்கியும் தீர்க்க வேண்டியிருக்கிறது. அது புரிய வேண்டுமானால் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது.

எங்கள் 2007-11 செட்டுக்கு மூத்த அண்ணன்மார், அக்காமார்களுக்காக ஆட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு அணி. அணிக்கு ஒரு தளம், தளத்தில் ஒரு கொடி. எதிரியின் தளத்துக்குப் போய், அவன் கொடியை எடுத்துக்கொண்டு, உயிரோடு நம் தளத்துக்குத் திரும்ப வேண்டும். கபடி தெரிந்தவர்களுக்கு இப்போதே பாதி புரிந்திருக்கும். உள்ளே போவது பெரிதல்ல, திரும்பி வருவதுதான் ஆட்டம். ஆனால் கபடியில் பாடிப் போகிறவன் தனி ஆள். இங்கே தனியாகப் போனவன் பெரும்பாலும் திரும்புவதில்லை.

டாங்கிகள் முதலில் வந்தன, கொடி பின்னால்தான் வந்தது. 1974-ல் கீ கேம்ஸ் என்ற பெயரில் அட்டாரி கம்பெனி மறைமுகமாக நடத்திய நிறுவனம் 'டாங்க்' என்ற ஆட்டத்தைக் காசு போட்டு விளையாடும் இயந்திரமாக வெளியிட்டது. இரண்டு பேர் ஆடலாம், ஆளுக்கு இரண்டு நெம்புகோல். நிஜ டாங்கியைப் போல இடது சக்கரப் பட்டைக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. 1977-ல் அட்டாரியின் வீட்டு வீடியோ கேம் பெட்டியோடு 'காம்பாட்' இலவச இணைப்பாக வந்தது. 1980-ல் எட் ராட்பெர்க் உருவாக்கிய 'பேட்டில்ஸோன்' வந்தது. பெரிஸ்கோப்புக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். பச்சைக் கோடுகளால் வரைந்த மலைகள், பிரமிடுகள், எதிரி டாங்கி. அமெரிக்க ராணுவத்துக்கு அது பிடித்துப்போய், பிராட்லி போர் வண்டியின் பயிற்சிக்காக அதில் ஒரு மாற்று வடிவம் செய்யச் சொன்னார்கள். ராட்பெர்க்குக்கு அதில் துளியும் விருப்பமில்லை. இருந்தும் செய்து கொடுத்தார். (மேனேஜர் சொன்னால் செய்துதானே ஆக வேண்டும். நம்மில் பாதிப் பேருக்கு இது தெரிந்த கதை.)

இவை எல்லாவற்றிலும் ஒன்று குறைந்தது. கூட்டாளி கிடையாது. ஒருவனுக்கு ஒருவன், அல்லது மனிதனுக்கு எதிராக மெஷின்.

கூட்டாளி வருவதற்கு நெட்வொர்க் வர வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த ஸ்டூவர்ட் செஷயர் என்ற மாணவர் 1987-ல் பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டருக்காக 'போலோ' என்ற ஆட்டத்தை எழுதினார். பின்னால் அது மெக்கின்டாஷுக்கு மாறியபோது பதினாறு பேர் வரை ஒரே களத்தில் ஆட முடிந்தது. இதில் பிடிப்பது கொடியை அல்ல, தளங்களையும் பில்பாக்ஸ் எனப்படும் தானாகச் சுடும் காவல் கூண்டுகளையும். காவல் கூண்டைச் சுட்டு வீழ்த்தினால் அதைத் தூக்கிக்கொண்டு போய் நம் பக்கம் நட்டு, எதிரியைச் சுட வைக்கலாம். டாங்கிக்குள் ஒரு குட்டிப் பச்சை மனிதன் இருப்பான். இறங்கிப் போய் மரம் வெட்டுவான், ரோடு போடுவான், சுவர் கட்டுவான். பதினாறு பேரும் சுடப் போனால் ரோடு போட ஆளிருக்காது. எனவே ஒருவன் சுட, ஒருவன் கட்ட, ஒருவன் காவல் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளாமல் ஜெயிக்க முடியாது. சுடுவது மட்டுமே வேலை என்றிருந்த டாங்கிக்கு இப்படித்தான் வேறு வேலைகளும் வந்து சேர்ந்தன.

அடுத்து நம் கதாநாயகன். 1992-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஷோன்மேன் என்ற பட்டமேற்படிப்பு மாணவர், சிலிக்கான் கிராஃபிக்ஸ் வொர்க்ஸ்டேஷனில் ஒரு டாங்கி விளையாட்டு எழுதினார். முதலில் அதற்குப் பெயர் வெறும் 'பி.இசட்.' பிறகு கொடி சேர்ந்து 'பி.இசட். ஃபிளாக்' ஆனது. பேட்டில்ஸோன், கொடி பிடித்தல் என்ற இரண்டின் சுருக்கம். 1993-ல் வெளியுலகத்துக்கு விடப்பட்டது. பின்னால் டிம் ரைக்கர் பராமரிப்பை ஏற்றார், லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் வந்தது, சோர்ஸ் கோடு எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டது. அப்படித்தான் கார்னெலில் பிறந்தது, ஒரு ஃபெடோரா சி.டி. வழியாக எங்கள் லேபுக்கு வந்து சேர்ந்தது. காசு கிடையாது, பழைய மெஷினிலும் ஓடும். வேறென்ன வேண்டும்!

அந்த முதல் வெளியீட்டுக்குப் பின்னால் ஒரு சுவையான சம்பவம் உண்டு. ஒரு ரசிகர் புரோகிராமைத் திருத்தித் தன் டாங்கிக்கு மட்டும் அசாத்திய சக்திகளைக் கொடுத்துக்கொண்டார். பி.இசட். ஃபிளாக் வரலாற்றின் முதல் திருட்டு ஆட்டம். ஷோன்மேன் கோபப்பட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, யோசனை நன்றாயிருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு, அந்தச் சக்திகளைக் கொடிகளாக்கிக் களத்தில் சிதறிப் போட்டார். யார் எடுக்கிறார்களோ அவர்களுக்கு. அதிவேகம், சட்டென்று திரும்புதல், வேகமான குண்டு, கட்டடத்துக்குள் புகுந்து வெளியேறும் சக்தி, இவைதான் முதலில் வந்த 'சூப்பர் கொடி'கள். ஒருவன் திருடியதை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார். இந்தச் சம்பவத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உத்திக்கு வருவோம். என்னைப் போன்ற ஆட்களுக்கு இங்கேதான் நாக்கில் எச்சில் ஊறும்.

சர்வரில் யாரும் கை வைக்காவிட்டால் கணக்கு இப்படி இருக்கும். களம் 800க்கு 800 அலகு. டாங்கியின் வேகம் வினாடிக்கு 25 அலகு. குண்டின் வேகம் 100. குண்டு போகும் தூரம் 350. ஒருமுறை சுட்டால் அடுத்த குண்டுக்கு மூன்றரை வினாடி காத்திருக்க வேண்டும். இந்த எண்களுக்குள்ளேயே முழு ஆட்டமும் அடங்கியிருக்கிறது. களத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓட 32 வினாடி. காவல் நிற்பவன் ஒரு குண்டைத் தவறவிட்டால், அடுத்த மூன்றரை வினாடியில் எதிரி 87 அலகு தாண்டிவிடுவான். அதாவது ஒற்றைக் காவல்காரன் ஒருமுறை தவறினால் கதவு திறந்தது போலத்தான். ஆகவே தளத்தில் இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுடவும் கூடாது. "நீ சுடு, நான் வச்சிருக்கேன்" என்று ஒருவன் குண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இளம் ரத்தத்துக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது!

அடுத்த சூட்சுமம் இன்னும் அழகானது. ஒரு டாங்கி ஒரு நேரத்தில் ஒரே ஒரு கொடிதான் வைத்திருக்க முடியும். அதிவேகக் கொடியோ கேடயக் கொடியோ வைத்துக்கொண்டு எதிரி தளம் வரை போகலாம். ஆனால் எதிரியின் அணிக்கொடியை எடுக்க வேண்டுமென்றால் கையிலிருப்பதைக் கீழே போட்டாக வேண்டும். விளைவு? களத்திலேயே மிக முக்கியமான டாங்கிதான் களத்திலேயே மிக பலவீனமான டாங்கி. மாப்பிள்ளை மாதிரி, கூட நாலு பேர் இல்லாமல் ஊர்வலம் போக முடியாது. முன்னால் ஒருவன் வேண்டுமென்றே எதிரியின் குண்டை வாங்கிச் சாக வேண்டும். அந்த மூன்றரை வினாடி இடைவெளியில் கொடிக்காரன் தாண்டிவிடுவான். எங்கள் அணியில் குண்டு வாங்குவதற்கென்றே ஒரு மகராசன் இருந்தான். ஸ்கோர் பலகையில் அவன் பெயர் எப்போதும் கடைசியில்தான் இருக்கும். ஏனென்றால் பலகைக்குத் தெரிந்ததெல்லாம் எத்தனை பேரைக் கொன்றாய், எத்தனை முறை செத்தாய் என்பது மட்டும்தான். எதற்காகச் செத்தாய் என்ற கட்டம் அதில் இல்லை.

ஸ்டெல்த் கொடி எடுத்தவன் ராடாரில் தெரியமாட்டான், ஆனால் நேரில் தெரிவான். குளோக்கிங் எடுத்தவன் நேரில் தெரியமாட்டான், ராடாரில் தெரிவான். திரையில் இரண்டும் இருந்தாலும் ஒரு மனிதனின் கண் ஒன்றில்தான் நிலைக்கும். ஆகவே நல்ல காவல் ஜோடியில் ஒருவன் ராடாரை மட்டும் பார்ப்பான், மற்றவன் ஜன்னலை மட்டும் பார்ப்பான். எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது ஜெனோசைட். அதை வைத்திருப்பவன் உங்களில் ஒருவனைச் சுட்டால் அணி முழுவதும் வெடிக்கும். அணியில் யார் மோசமான ஆட்டக்காரனோ, அவனைத் தேடித்தான் அவன் வருவான். அப்போது அந்தப் பலவீனமானவனை மூலையில் ஒளித்து வைத்து மற்றவர்கள் சுற்றி நிற்க வேண்டும்.

இதையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டுமே! எல்லோரும் ஒரே லேபில், எதிரி எதிர் பெஞ்சில். கத்தினால் அவனுக்கும் கேட்கும். எனவே மெஸ் பாஷையில் பேசினோம். "சாம்பார் வருது" என்றால் ஜெனோசைட். "ரசம்" என்றால் ஸ்டெல்த் (இருப்பது தெரியாது). "வடை எடுத்தாச்சு" என்றால் கொடி கைக்கு வந்துவிட்டது. வடை போனால் என்ன சொன்னோம் என்று நான் எழுத வேண்டியதில்லை. (ஆக, சாம்பாரைப் பற்றியும் எழுதியாயிற்று.) ஒருமுறை ஒரு ஜூனியர், களத்தில் விழுந்து கிடந்த நம் சொந்தக் கொடியை மீட்ட சந்தோஷத்தில் வழி மாறி எதிரி தளத்தின் மேலேயே ஏறிவிட்டான். அப்படிச் செய்தால் எதிரி நம் கொடியைப் பிடித்த கணக்குத்தான். எங்கள் டாங்கிகள் அத்தனையும் வெடித்தன. உன் கொடியை நீயே பிடிக்காதே என்று திரையில் ஒரு எச்சரிக்கை வேறு வரும். அந்தத் தம்பி இன்று பெரிய கம்பெனியில் லாஜிஸ்டிக்ஸ் பார்க்கிறான் என்று கேள்வி.

எங்களுக்குப் பின் வந்தவர்கள் வேறு டாங்கிகள் ஓட்டினார்கள். ரஷ்யாவின் பெர்ம் நகரத்துக் கம்பெனி 2009-ல் வெளியிட்ட 'டாங்கி ஆன்லைன்' பிரவுசரிலேயே ஓடியது. அதில் நம் கொடி நம் தளத்தில் பத்திரமாக இருந்தால்தான் எதிரியின் கொடியைக் கொண்டு வந்து சேர்க்க முடியும். அதனால் காவலுக்கு மரியாதை இன்னும் கூடியது. இசிடா என்ற ஆயுதத்தால் கூட்டாளியின் டாங்கியைப் பழுது பார்த்துக்கொண்டே பின்னால் போகலாம். 2010-ல் ரஷ்யாவிலும் 2011-ல் மற்ற நாடுகளிலும் வந்த 'வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்' ஆட்டத்தில் பக்கத்துக்குப் பதினைந்து பேர். கொடி நட்ட வட்டத்துக்குள் நின்று 100 புள்ளி சேர்க்க வேண்டும். நிற்பவன் மேல் அடி விழுந்தால் அவன் சேர்த்த புள்ளி பூஜ்யமாகிவிடும். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனாலும் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது வருகிற படபடப்பு, வட்டத்துக்குள் நிற்பதில் வருமா என்ன!

இப்போது கொஞ்சம் நெட்வொர்க். போலோ எழுதிய அதே செஷயர் 1996-ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பிரச்சினை பேண்ட்வித் அல்ல, தாமதம்தான் என்பது அதன் சாரம். குழாயை எவ்வளவு வேண்டுமானாலும் அகலமாக்கலாம், ஒளியை விட வேகமாக எதையும் அனுப்ப முடியாது. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நேர்கோட்டில் சுமார் 13,500 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கி.மீ. போகும். போய்த் திரும்ப 135 மில்லி செகண்ட். எந்தக் கொம்பனாலும் இதைக் குறைக்க முடியாது. நிஜத்தில் இதைப் போல இரண்டு மடங்கு ஆகும். அதற்குள் டாங்கி ஏழு அலகு நகர்ந்திருக்கும். அதாவது உங்கள் திரையில் தெரியும் எதிரி, கொஞ்ச நேரத்துக்கு முந்தைய எதிரி.

அப்படியானால் குண்டு பட்டதா இல்லையா என்று யார் தீர்ப்புச் சொல்வது? ஷோன்மேனின் ஆட்டத்தில் இதற்கான விடை விசித்திரமானது. சுட்டவன் சொல்வதில்லை. சர்வரும் சொல்வதில்லை. குண்டு பட்டவனின் கம்ப்யூட்டர்தான் சொல்லும். தன் டாங்கி எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தது அதற்கு மட்டும்தானே. "நான் செத்துட்டேன்" என்று அது சர்வருக்குச் செய்தி அனுப்பும். சர்வர் அதை ஊருக்கு அறிவிக்கும். அனுப்பாவிட்டால் சாகவில்லை, அவ்வளவுதான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்காகப் பிறந்த ஆட்டம், ஒவ்வொருவனும் தன் சாவைத் தானே ஒத்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது.

பாக்கிக்கு வந்துவிட்டேன்.

2010 பிப்ரவரி. சிம்போசியத்தின் கடைசி நாள். எங்கள் இ.சி.இ. அணிக்கும் மெக்கானிக்கலுக்கும் ஃபைனல், பக்கத்துக்கு ஐந்து பேர். அதற்கு முன் இரண்டு முறை அவர்களிடம் தோற்றிருந்தோம். காரணம் ஒரே ஒருவன். மெக்கானிக்கல் தளத்தை ஒட்டியிருந்த பிரமிடுக்குப் பின்னால் நிற்பான். முதல் வருடம் சேரும்போது மவுஸைத் தொட்டதே இல்லை என்று அவனே சொல்லியிருக்கிறான். கொடி எடுக்க ஒருநாளும் போகமாட்டான். சுட்டவுடன் விரலால் மேஜையில் தட்டுவான். ஒண்ணு... ரெண்டு... மூணு... அரை. அடுத்த குண்டு. அவன் தட்டும் சத்தம் எங்கள் பெஞ்சு வரை கேட்கும். அவனைத் தாண்டி நான் ஒருமுறைகூடப் போனதில்லை.

ஃபைனலுக்கு முந்தின ராத்திரி சோர்ஸ் கோடை இறக்கி, ஒரு வரி சேர்த்தேன். என் மேல் படும் முதல் இரண்டு குண்டுகளைப் பற்றிச் சர்வருக்குச் சொல்லாதே. மூன்றாவது பட்டால் வெடி. பேராசைப்பட்டால் மாட்டிக்கொள்வோம் என்று இரண்டோடு நிறுத்தினேன். கம்பைல் ஆக இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தில் மனசு மாறியிருக்கலாம். டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. கடைசி மூன்று நிமிடம். நம் மகராசன் திட்டப்படி முன்னால் போய், அவர்களின் முதல் காவல்காரனுடைய குண்டை வாங்கிச் செத்தான். அடுத்து பிரமிடு. அவன் சுட்டான், பட்டது. நான் போய்க்கொண்டே இருந்தேன். கொடியை எடுத்தேன். மேஜையில் தட்டும் சத்தம் கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு, அரை. மறுபடி சுட்டான், மறுபடி பட்டது. அவன் திரையில் குண்டு என் டாங்கிக்குள் புகுந்து மறுபக்கம் போயிருக்கும். நான் எங்கள் தளத்தில் ஏறியதும் மெக்கானிக்கலின் ஐந்து டாங்கிகளும் ஒன்றாக வெடித்தன.

"நேரா வந்தவன விட்டுட்டியேடா!" என்று அவர்கள் கேப்டன் கத்தினான். அவன் திரையையே பார்த்துக்கொண்டு, "பட்ட மாதிரிதான்டா இருந்துச்சு" என்றான். யாரோ, "லேக்கா இருக்கும்" என்றார்கள். நானும் சொன்னேன், "லேக்காதான் இருக்கும்." ஒரே அறை, ஒரே சுவிட்ச், ஒரு மில்லி செகண்டுகூட ஆகாத நெட்வொர்க். அதில் லேக்காம்!

எனக்கு நாலு ஜி.பி. பென் டிரைவ் பரிசு கிடைத்தது. அவனுக்கு 'ஓட்டைக் கேட்' என்று பெயர் கிடைத்தது, ஃபைனல் இயர் வரை ஒட்டிக்கொண்டது. அடுத்த செமஸ்டரில் காவலிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவன் லேப் பக்கம் வந்து நான் பார்க்கவில்லை. என் அணி நாலு பேருக்கும் இன்று வரை விஷயம் தெரியாது. முக்கியமாக அந்த மகராசனுக்கு. தான் செத்ததால்தான் ஜெயித்தோம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் வருடத்துக்கு ஒருமுறையாவது எழுதுவான். நானும் ஒரு கைதட்டல் போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

கார்னெல் கதையில் திருடியவனின் சக்தியை எல்லோருக்கும் பங்கு போட்டார்கள். என் ஒரு வரி பதினைந்து வருடத்துக்கு மேலாக என்னிடமே இருக்கிறது.

விழாவுக்கு வருகிறவர்கள் பட்டியலில் உன் பெயரைப் பார்த்தேன். இந்த மலர் பதிவு மேஜையில் உன் கைக்கு வந்திருக்கும். உன் இரண்டு குண்டும் பட்டன. இரண்டும் நடு டாங்கியில். நான் பத்து லேப்டாப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், ஒரு சுவிட்சும் கொண்டு வருகிறேன். புரோகிராமை இந்த முறை நீயே இறக்கிப் போடு, நான் தொடவே மாட்டேன். சாயந்திரம் டீ முடிந்ததும் பழைய லேப் வராந்தாவுக்கு வா. நீ பிரமிடுக்குப் பின்னால் நில். நான் கொடி எடுக்க வருகிறேன்.